இரண்டாவது மாத்திரை

1997 கத்திரி வெயிலில் மலையின் சூடு திருவண்ணாமலைத் தெருக்களில் இறங்கிக் கொதித்தபோது, என் தங்கை சந்திரகலா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். தெருவுக்கு அது போதாதா? "பழையபடி ஆயிடுச்சுபோல" என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

பழையபடி என்றால், பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு வந்த மனநோய். சில வாரம் தூங்காமல் ஓயாமல் பேசுவாள். பிறகு மாதக்கணக்கில் படுத்தே கிடப்பாள். வேலூர் டாக்டர் லித்தியம் மாத்திரை கொடுத்ததிலிருந்து நான்கு வருடமாக ஒன்றும் இல்லை. வேங்கிக்காலில் டைப்பிங் வேலை, வீடு, மகள் இனியா என்று நன்றாகத்தான் இருந்தாள்.

இப்போது உடம்பு ஊதியது. குரல் கரகரத்தது. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள்.

"குளுருதுக்கா. சத்தியமா குளுருது. யாருமே நம்ப மாட்றாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் புருஷன் ராமகிருஷ்ணனும் நம்பவில்லை. பைத்தியம் திரும்பிவிட்டது என்று அவனாகவே முடிவு கட்டி, இனியாவைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். "உனக்கு சரியானதும் கூட்டியாறேன்" என்றான்.

நான் அவளை வேலூருக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"இது மனசு இல்லம்மா, தைராய்டு. லித்தியம் சாப்பிடுறவங்க சில பேருக்கு இப்படிச் சுரப்பு கம்மியாயிடும். லித்தியத்த விட்டுடாதீங்க. காலையில வெறும் வயித்துல இன்னொரு மாத்திரை சேத்துக்கங்க" என்றார்.

சில மாதங்களில் முகத்து வீக்கம் வடிந்தது, குளிரும் விட்டது. இனியாவுக்குப் புதுப் பாவாடை எடுத்துக்கொண்டு இருவரும் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

வாசலிலேயே மாமியார் மணியம்மாள் கேட்டார்: "மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சா?"

"இல்லீங்க அத்தை. இப்ப ரெண்டு. ஒண்ணு தைராய்டுக்கு..."

"ஒண்ணு இருந்தது ரெண்டாயிடுச்சா? அப்ப ஜாஸ்திதான் ஆயிருக்கு. பொண்ண எப்படி நம்பி அனுப்புறது?"

நான் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். ராமகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா முன்னால் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அது. உள்ளேயிருந்து இனியா "அம்மா" என்று கூப்பிட்டாள். சந்திரகலா உள்ளே பாய்ந்தாள், மணியம்மாள் குறுக்கே நின்றார். சந்திரகலா ஊரே கேட்கக் கத்தினாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

"பாத்தியாடா, ஆரம்பிச்சிடுச்சு" என்றார் மணியம்மாள் மகனிடம்.

ராமகிருஷ்ணன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.