தெலுங்கு தெரிந்த மாணவி

இன்று காலை வார்டில் ஒரு அம்மா. ரோஜாத் தோட்டத்தில் வேலை, மூன்று மாதமாக மூச்சிரைப்பு. தெலுங்கு மட்டும்தான் பேசுவார்.

"யாருக்குப்பா தெலுங்கு தெரியும்?" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் தெலுங்குதான். படித்தது ஓசூர் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில்.

அரை மணி நேரம் அந்தம்மாவிடம் பேசினேன். செடிக்கு மருந்தடிக்கிற நாளில்தான் அதிகமாக மூச்சு வாங்குகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"கேஸை ஆர்த்தி சொல்லட்டும். அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்," என்றார் சார்.

என் தாளைப் பார்த்து, என்னோடு படிக்கும் ஆர்த்தி ஆங்கிலத்தில் படித்தாள்.

"வெரி குட்! மருந்தடிக்கிறதைக் கண்டுபுடிச்ச பாத்தியா!" என்று சார் அவளைப் பாராட்டினார்.

ஆர்த்தி என்னைப் பார்த்தாள். தாளை என்னிடம் நீட்டினாள், நான் மடித்துக் கோட் பையில் வைத்தேன். இன்டர்னல் மார்க் சார் கையில் இருக்கிறது.

அந்தம்மா மட்டும் தெலுங்கில் கேட்டார். "ஏம்மா, நீ டாக்டருக்குப் படிக்கலியா?"

மதியம் மருத்துவ மாணவர்களிடையே சமத்துவம் பற்றிக் கருத்தரங்கு. முதல் வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். வரவேற்புரை முடிவதற்குள் சாரிடமிருந்து போன்.

"அந்தம்மாவுக்கு இன்ஹேலர் எப்படி இழுக்கணும்னு சொல்லணும். கொஞ்சம் வந்துட்டுப் போம்மா."

போனேன். திரும்பி வந்தபோது தேசிய கீதம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது கமென்டில் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்களைப் பற்றி என்ன பேசினார்கள்?