தம்பி எடுக்காத பெட்டி

எங்கள் தம்பி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று வீடு தேடி வந்து இலையில் உட்காரும் சொந்தபந்தம் எல்லோர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்க வேண்டும் என்று நான்தான் அச்சடிக்கச் சொன்னேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள் எழுதுகிறாள். தம்பி என்னைவிட ரொம்ப இளையவர். உயிரோடு இருந்தவரை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். மலரில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறாள் மகள். எழுதட்டும். கடைசிக் காலத்தில் பல பேர் கொடுக்காத மரியாதை, அச்சிலாவது இருக்கட்டும்.

தம்பி பிறந்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமியில். அவரைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். ஆழ்குழாய்க் கிணற்றுக்கு போர் போடும் ரிக் வண்டியில் ராடு தூக்கப் போனவன் நான். இன்று என் பெயரில் இரண்டு ரிக் வண்டி ஓடுகிறது. இங்கிருந்து குடுமியான்மலை வரைக்கும் நான் தண்ணீர் காட்டாத ஊர் குறைவு. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. தம்பியைப் பாலிடெக்னிக் படிக்க வைத்ததும் அந்த ரிக்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

படித்து முடித்ததும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்றேன். கேட்கவில்லை. அரசுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர், புரொஜெக்டர், பெரிய டிவி எல்லாம் மாட்டிக் கொடுத்துப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். மாவட்டத்தில் அவர் வண்டி போகாத பள்ளிக்கூடம் இருக்காது. பல இடங்களில் கரண்டுக்கு எர்த் சரியாக இருக்காது, மிஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பிள்ளைகள் தொடுகிற சாமான் என்று அதைச் சரிசெய்யாமல் எதையும் மாட்ட மாட்டார். அதற்குக் கம்பெனி ஆள் தராது. என் ரிக் ஆட்களைக் கூட்டிப்போய்க் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் போட்ட பிறகுதான் ஸ்விட்சைத் தட்டுவார். குரங்கு பிடுங்கிப் போட்ட ஒயர், சாக்பீஸ் தூசி அடைத்த மிஷின், எலி குடித்தனம் நடத்திய பேட்டரிப் பெட்டி, எல்லாம் அவர் கை பார்த்தது. ஆயுத பூஜை லீவு முடிந்தால் போன் மேல் போன் வரும். புரொஜெக்டர் கண்ணாடியிலேயே சந்தனம் வைத்துவிட்டு, படம் மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். சிரித்துக்கொண்டே போய்த் துடைப்பார்.

அவருக்குப் பிடிக்காதது பூட்டு ஒன்றுதான். சாமான் காணாமல் போனால் ரிட்டயர் ஆகும்போது நம் தலையில் விழும் என்று சில தலைமை ஆசிரியர்கள் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி வைப்பார்கள். அதிகாரி வருகிற அன்றைக்கு வெளியே வரும். தம்பி அவர்களிடம் சொல்வது இதுதான்: “ஓடிக் கெட்டுப்போனா நான் வந்து பாக்குறேன் டீச்சர். பூட்டி வச்சுக் கெட்டுப்போனா நான் வந்தும் பிரயோசனமில்ல.”

அந்தப் பூட்டுதான் அவரைக் கொண்டுபோனது.

எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாள். பரீட்சை முடிந்த சமயத்தில் அங்கே புரொஜெக்டரைச் சுத்தம் செய்து, பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார் தம்பி. கோடை லீவில் தலைமை ஆசிரியர் மாறுதலில் வேறு மாவட்டம் போய்விட்டார். லீவு முடிந்து புதிதாக வந்தவர் பீரோவைத் திறந்தால் பெட்டி இல்லை. பழையவரிடம் போனில் கேட்டதற்கு, எல்லாம் சரியாக இருந்தது, அதற்குமேல் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். கடைசியாக அதைத் தொட்டவர் யார்? தம்பி.

புகார் போய், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெட்டி கிடைக்கிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றார் கம்பெனி மேனேஜர். எனக்குக் கோபம் பொறுக்கவில்லை. “வெலையக் கட்டித் தொலைச்சுருவோம்டா. எங்கிட்ட இல்லாததா?” என்றேன்.

தம்பி தலை நிமிராமல் சொன்னார்: “கட்டுனா நான் எடுத்தேன்னு ஆயிரும்ண்ணே. அது எங்கயோ இருக்கு. இருக்குற எடத்துலருந்து வரட்டும்.”

வேலை போன பிறகும் பள்ளிக்கூடங்களிலிருந்து அவருக்குத்தான் போன் வந்தது. போய்ப் பார்த்துக் கொடுத்தார். ஒரு பள்ளியில் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் நேரமெல்லாம் பக்கத்தில் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தினார்களாம். அதே பள்ளிக்குத்தான் மழையில் எர்த் குழி தோண்டினோம்.

அந்த ஆவணியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை தம்பிக்கு. எதிர் வரிசையில், எங்களுக்கு மாமன் முறையாகும் ஒருவர், ஊரே கேட்கும்படி சொன்னார்: “என்ன மாப்ள, நம்ம வீட்டுச் செவுத்துலயும் ஒரு படம் ஓட்டுறது. மிசினு ஒங்க கைவசந்தான் இருக்காமே.” நாலு பேர் சிரித்தார்கள். தம்பி எழுந்து கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் வரவில்லை. சிரித்தவர்கள் இன்றைக்கும் இங்கே சாப்பிட வந்திருப்பார்கள். அந்த மாமனும் வந்திருப்பார்.

இந்த இடத்தில் மகள் பேனாவை வைத்துவிட்டாள். “பெரியப்பா, இது வேணாமே. நல்ல நாளும் அதுவுமா” என்றாள். “ஒங்கப்பனச் சொன்னப்ப மட்டும் நல்ல நாள் இல்லையாத்தா? எழுது” என்றேன்.

கார்த்திகையில் ஒரு காலையில், போன் வந்த ஏதோ ஒரு பள்ளிக்குக் கிளம்பி வண்டிச் சாவியைத் திருகியவர், வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த பங்குனியில், அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் அம்மன் திருவிழா. கோயிலுக்கு போர் போட்டுக் கொடுத்தவன் என்று வருஷாவருஷம் என்னைக் கூப்பிடுவார்கள். சாமியைத் தூக்கும் குதிரை வாகனத்தை எடுக்க, திருவிழா இல்லாத நாளில் யாரும் எட்டிப் பார்க்காத வாகன அறையைத் திறந்தார்கள். நான் வாசலில் நிற்கிறேன். குதிரைக்குப் பின்னால், பட்டுத்துணி போர்த்தி, பொட்டு வைத்த பெட்டி ஒன்று. துணியை விலக்கினால், மூடியில் என் தம்பி கம்பெனியின் ஸ்டிக்கர். தம்பி வீட்டில் அந்த ஸ்டிக்கரைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவன் நான்.

பூசாரி ஒன்றும் மறைக்கவில்லை. “மாறுதல்ல போன சாருதாங்க வச்சாரு. லீவுல பள்ளிக்கூடத்துல திருட்டுப் பயமாம், அம்மாகிட்ட இருந்தா யாரும் தொடமாட்டாங்கன்னாரு. இதத்தான் தேடுறாங்கன்னு எனக்கென்ன தெரியும்? எங்கிட்ட யாரும் கேக்கலையேங்க.”

உண்மைதான். பள்ளிக்கூடத்துச் சாமானைக் கோயிலில் போய் யார் தேடுவார்கள்? தேடச் சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். அங்கே நின்றபடியே அவருக்குப் போன் போட்டேன். “சர்க்கார் சாமானக் கோயில்ல வச்சேன்னு சொன்னா பென்சன நிறுத்திருவாங்கன்னு பயந்துட்டேங்க” என்றார். போனை வைத்துவிட்டேன்.

பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டுக் கம்பெனி மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். “ரெக்கார்டுல சரிபண்ணிட்டோம் ஐயா” என்றார். ரெக்கார்டை எங்கள் சொந்தக்காரர்கள் படிக்க மாட்டார்கள், வருஷ நாளுக்கு வந்து பந்திக்கு முன்னால் உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றார். நேற்று கேட்டால், அன்றைக்கு மீட்டிங், வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொல்ல வேண்டியதை நான் அச்சடித்துக் கொடுக்கிறேன்: எங்கள் தம்பி எதையும் எடுக்கவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தம்பி மகள் வாசித்துக் காட்டுவாள்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்வது முறை. தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு காரில் வந்த என் ரிக் ஆட்களுக்கு நன்றி. சித்தன்னவாசல் பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பிணத்துக்கு முன்னால் நின்று, “எங்க ஸ்கூல் சாவியவே அவர்ட்டதான் குடுத்து வச்சிருந்தோம்” என்று எல்லோரும் கேட்கச் சொன்ன டீச்சரம்மாவுக்கு, நான் இருக்கும்வரை நன்றி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்ற பூசாரிக்கும் நன்றி. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அந்தப் புரொஜெக்டரில் பிள்ளைகள் பாடம் பார்க்கிறார்களா என்று கேட்டேன். புதிய தலைமை ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

“இல்லீங்கய்யா. அவ்வளவு பிரச்சனை ஆன பொருள். எதுக்கு வம்புன்னு, பீரோவுல வச்சுப் பூட்டிட்டோம்.”