ஊரடங்கில் நான் காலி செய்த பஸ்

இன்று காலை திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸையே தனியாளாகக் காலி செய்தேன். நம்பினால் நம்புங்கள்.

எங்கள் அண்ணன் விழுப்புரம்–திண்டிவனம் ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டர். இப்போது ஞாபகமறதி நோய். கொரோனா, ஊரடங்கு எதுவும் அவர் மனதில் நிற்பதில்லை. நான் பல் துலக்கும் நேரம் பார்த்து, மாஸ்க்கூட இல்லாமல் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

பைக்கை ராக்கெட்டாக விட்டேன். வழியில் மறித்த நூறு போலீஸையும் பேசியே சமாளித்தேன். நிறுத்தி வைத்திருந்த காலி பஸ்ஸின் பின்சீட்டில் அண்ணனைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"அண்ணா, வூட்டுக்குப் போலாம் வாங்க."

"பஸ்ல ஜனம் கீது. நடுவழியில உட்டுட்டு வரச் சொல்றியா? பேஜாரு பண்ணாத!"

"ஒருத்தரும் இல்லியே பெரியவரே," என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மாவும் கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. படியில் ஏறி, செஞ்சிக் கோட்டைக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்: "திண்டிவனம், கடைசி ஸ்டாப்பு! எல்லாம் எறங்கு!"

அண்ணன் எழுந்தார். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தார். "பை, கொடை எதையும் உட்டுட்டுப் போவாதீங்க" என்று காலி சீட்டுகளிடம் சொல்லிவிட்டு, கடைசி ஆளாக இறங்கினார்.

மாஸ்க் மாட்டிவிட்டுப் பைக்கில் உட்கார வைத்தேன். முதுகில் தட்டினார். "ரைட், ரைட்! பாத்து போ டிரைவரு!"

என் பெயர் அவருக்கு மறந்து ஆறு மாதமாகிறது. இன்று டிரைவர் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன போஸ்டிங்?