நாலு விரல் உயர்ந்த ஜீப்

ரோட்டில் தண்ணீர் நின்றால் சண்முகவடிவு ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்குவாள். கையில் நீளக் காம்புக் கரண்டி இருக்கும். அதைத் தண்ணீருக்குள் விட்டு, ஈரம் ஏறிய இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வந்து, ஜீப்பின் தரைத் தகட்டோரம் வைத்துப் பார்ப்பாள். "அந்தக் கரண்டிலதான் எங்களுக்கும் சாம்பார் ஊத்துதியளாக்கா?" என்று யாராவது சீண்டினால் கோபம் வராது. "இது ரோட்டுக் கரண்டி. உனக்கு வேணும்னா இதுலயே ஊத்துதேன்" என்பாள்.

தாராவியில் விடியுமுன் மூன்று அடுப்பு மூட்டி நூற்றிருபது பேருக்கு ஆக்குகிறாள். சாப்பிடுகிறவர்கள் டிராம்பே கழிமுகத்தோரம் எழும்பிவரும் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் கொத்தனார்கள், சித்தாட்கள். பகல் பன்னிரண்டரைக்குள் சோறு அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். வண்டி ஓட்டுவது அவள் புருஷன் இசக்கிப்பாண்டி, உலகப்போரில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். ஏலத்தில் ஒரு மிலிட்டரி ஜீப்பை எடுத்தது அவர் ஆசைக்கு. அதன் முதுகில் அண்டாவும் கூடையும் ஏற்றிப் பிழைப்பாக்கியது இவள் சாமர்த்தியம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் அவர் பேசினால் அதிசயம். பாக்கியை எல்லாம் இவள் பேசிவிடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், அறுபத்து மூன்றாம் வருஷம், கடல் ஏற்றமும் மழையும் சேர்ந்து வந்து ஜீப்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கூடையின் அடிச்சோறு அத்தனையும் உப்புச்சேறு. நூற்றிருபது பேரும் அன்றைக்கு பன்னும் டீயும் சாப்பிட்டார்கள். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளும் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காக்காரர், தங்கமான மனுஷர்தான். ஆனால் அவர் சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா பாண்டுப்காரனுக்குக் கொடுத்துடுவேன்மா. தப்பா நெனச்சுக்காதீங்கோ." இதே சோற்றுத் தொழில் செய்யும் பாண்டுப்காரனிடம் லாரி இருந்தது. லாரிக்கு அந்தத் தண்ணீர் கணுக்கால் அளவு. அந்தச் சொல் எட்டு மாதமாக இவளுக்குச் செரிக்கவே இல்லை.

மே மாதம் பிறந்ததும் ஜீப்போடு செம்பூரில் கரீம் பாட்சா பட்டறை வாசலில் போய் நின்றாள். வண்டியின் பாரத்தைத் தாங்குகிற கமான், அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய இரும்புப் பட்டைகள், அதுதான் பாட்சாவின் தொழில். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரலைச் சேர்த்து வைத்து, "இம்புட்டு உசரணும் பாய். காசும் ரொம்ப இல்ல" என்றாள்.

பாட்சா மூன்று வழி சொன்னார். "சஸ்தால முடிக்கணும்னா ஷேக்கிள நீட்டிடலாம்க்கா. கமான் தொங்குதே, அந்தக் கொக்கி. அது நீண்டா வண்டி தன்னால உசந்துடும். இல்லாட்டி லாரிப் பட்ட ரெண்டு சொருகிடலாம், யானை ஏறினாலும் அசையாது. மூணாவது, இருக்கிற பட்டையக் காய்ச்சி அடிச்சு வளைவ ஏத்தி, மெல்லிசா ஒண்ணு சேக்கலாம். ஆனா பொய் சொல்லமாட்டேன், ஆறு மாசத்துல மறுபடி படுத்துடும்."

வேறு யாராக இருந்தாலும் லாரிப் பட்டையைக் கேட்டிருப்பார்கள். இவள் மறுநாள் ஒரு சட்டி நிறையக் கொதிக்கக் கொதிக்க ரசத்தோடு வந்தாள். பட்டறையில் மூன்று விதமும் செய்த ஜீப்புகள் விதத்துக்கொன்றாக நின்றன. ஒவ்வொன்றிலும் சட்டியை வைத்து நாக்கா முச்சந்தி வரை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பாட்சா பின்னால் உட்கார்ந்து, சட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"தண்ணி வெச்சுப் பாக்கலாமேக்கா."

"தண்ணி சிந்துனா உமக்கு என்ன நோவும் பாய்? ரசம் சிந்துனா கால் சுடும்லா. உம்ம வேலைய உம்ம காலே சொல்லட்டும்."

ஷேக்கிள் நீண்ட வண்டி திருப்பத்துக்குத் திருப்பம் சாய்ந்து, ரசத்தை ஓரமாக ஊற்றிக்கொண்டே போனது. லாரிப் பட்டை போட்டது சாயவில்லை. ஒரு கல்லில் ஏறியதுதான் தாமதம், சட்டி துள்ளியது, பாட்சாவின் லுங்கி முழங்கால் வரை மஞ்சளானது. பாவம், மனிதர் "யா அல்லா" என்று காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். "இதுல சோறு போனா டிராம்பே போய்ச் சேருததுக்குள்ள பொங்கலாயிரும்" என்று சண்முகவடிவு முடித்துவிட்டாள். வளைவு ஏற்றிய பழைய பட்டை ஜீப்பில் சிந்தியது இரண்டே சொட்டு.

"இது ஆறு மாசம்தான்க்கா. அப்பறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

"மழ எத்தன மாசம் பாய்?"

"நாலு."

"பொறவு என்ன? மிச்சம் ரெண்டு மாசம் ஓசி. அது படுத்தா படுக்கட்டும், அடுத்த வைகாசியில எழுப்பிக்கிடுவோம்."

பாட்சா துடைத்துக்கொண்டிருந்த காலை விட்டுவிட்டுச் சிரித்தார். வாழ்நாள் முழுக்க உழைக்குமா என்று கேட்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். லாரிப் பட்டைக்கு ஆகும் காசில் பாதியில் வேலை முடிந்தது. இசக்கிப்பாண்டி மட்டும், "உசரம் கூடியிருக்கு. திருப்பத்துல பைய போணும்" என்று அன்றைய பங்கைப் பேசி முடித்தார்.

ஜூலை இரண்டாம் வாரம். மூன்று நாள் கொட்டிய மழை விட்டிருந்தது, கடல் ஏற்றம் விடவில்லை. டிராம்பே ரோடு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. கரண்டிக் காம்பில் ஜீப்பின் பழைய தரைத் தகட்டு உயரத்துக்கு ஒரு நூல் சுற்றி வைத்திருந்தாள். தண்ணீர் நூலைத் தாண்டி இரண்டு விரல் ஏறி நின்றது. ஆக, கையில் மிச்சம் இரண்டே விரல். இசக்கிப்பாண்டி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுக்குப் பயம்தான். திரும்பிப் போனால் நூற்றிருபது பேர் பட்டினி, பாண்டுப்காரனுக்கு விருந்து. பின்னால் ஏறிச் சோற்றுக் கூடையை ஒட்டி உட்கார்ந்து, அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஓட்டும்" என்றாள். ஜீப் இறங்கியது. தண்ணீர் தரைத் தகட்டின் அடியில் தட்டுகிற சத்தம் அவள் உள்ளங்காலுக்குக் கேட்டது. இசக்கியம்மனைக் கூப்பிட்டாள், போதாது என்று சுடலைமாடனையும் கூப்பிட்டாள். பாதி வழியில் எஞ்சின் ஒருமுறை செருமியது. இசக்கிப்பாண்டி ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்கவில்லை.

அக்கரையில் ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். கொட்டகை ஓரத்தில் பாண்டுப்காரனின் ஆள் ஒருவனும் பீடி பிடித்துக்கொண்டு நின்றான். வேங்கடசுப்ரமணியன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, சேற்றில் நடந்து ஜீப்பண்டை வந்தார். அவர் முகத்திலும் கலக்கம் இருந்தது.

"சாதம் எப்படிம்மா இருக்கு?"

சண்முகவடிவு கூடைப் பக்கம் திரும்பினாள். கூடையின் அடியில் கையை விட்டு நன்றாக ஒரு தடவு தடவி எடுத்து, உலர்ந்த உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்து நீட்டினாள்.