மாமன் படகுக்குப் பெயர்ப்பலகை

என் மகள் சிதம்பரத்தில் வேலை பார்க்கிறாள். முதுநகரிலிருந்து தினம் ரயிலில் போய் வருவாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மரத்தில் எழுத்து செதுக்குகிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அது தானே இடமும் வலமும் நகர்ந்து செதுக்கும். பொழுதுபோக்குக்குத்தான். சாவிக்கொத்து, சாமி பெயர் என்று உள்ளங்கை அளவில் செய்து தெருவில் எல்லோருக்கும் கொடுத்தாள். அப்படி ஒரு மெஷின் எங்கள் தெருவில் வேறு வீட்டில் கிடையாது. அதை நான் சொல்லாத ஆளும் கிடையாது.

என் தம்பி புதுப் படகு கட்டினான். பெயர்ப்பலகையை நானே செதுக்கித் தருகிறேன் என்று மகள் தன் மாமனிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை படகு தண்ணீரில் இறங்குகிறது. தேக்குப் பலகையும் வாங்கியாயிற்று. அதில் கை வைக்கும் முன் ஒரு பழைய பலகையில் ஓட்டிப் பார்த்தாள். பாதிப் பெயர் வரைக்கும் எழுத்துகள் ஒழுங்காக வந்தன. அதற்கப்புறம் ஒரு எழுத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

பார்க்க வந்த தம்பி சிரித்தான். “அக்கா, ஒம் பொண்ணு மெஷினு தண்ணி போட்டுட்டு எழுதுது போல.”

பெயிண்டரிடம் சொல்லி வைத்திருக்கிறானாம். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பலகை வராவிட்டால் அவர் எழுதிவிடுவாராம். எனக்குச் சுருக்கென்றது. முகத்தில் காட்டாமல் காபி போட்டுக் கொடுத்தேன். மகள் தலை நிமிரவே இல்லை.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். நான் கதவோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். செதுக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பென்சிலைக் கட்டினாள். சின்னதாக ஒரு கட்டம் போட வைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தாள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. சட்டம் கோணவில்லை என்றாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். ஒரு நீளக் கோடு போடச் சொன்னபோதுதான், வலது பக்கம் போகப் போக மோட்டார் முக்கிற சத்தம் எனக்கே கேட்டது. திரும்பப் போட்டாலும் அதே இடத்தில் முக்கியது.

கரண்டை நிறுத்திவிட்டு, ஊசியை இடமும் வலமும் நகர்த்துகிற, மரை போட்ட நீளக் கம்பியைக் கையாலேயே சுற்றினாள். லேசாகச் சுற்றி வந்த கம்பி அந்த இடத்தில் இறுகியது. குனிந்து நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக உதிர்ந்தது. மோந்து பார்த்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

“என்னாங்க, ஆயுத பூஜைக்கு இதுக்குள்ளயா சந்தனம் வச்சீங்க?”

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “ஆட்டோவுக்கு வச்சேன், மிக்சிக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம உட்டா நீ சும்மா இருந்திருப்பியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷர் பொட்டு வைத்ததோடு விடவில்லை, பட்டையாகவே பூசியிருக்கிறார். மரத்தூள் அதில் ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிட்டது. சாவிக்கொத்து அளவுக்கு மெஷின் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே வரவில்லை. பலகை நீளம் என்பதால் இப்போதுதான் போயிருக்கிறது.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மாப்பிள்ளையே உட்கார்ந்து தேய்த்து எடுத்தார். தையல் மெஷின் எண்ணெய் விட்டார்கள். மறுபடி ஒரு கோடு போட்டாள். முக்கல் இல்லை. தேக்கை ஏற்றினாள். கடைசி எழுத்து முடிகிற வரைக்கும் நான் கீரையைத் தொடவில்லை. தூளை ஊதிவிட்டு ஒவ்வொரு எழுத்தாக விரலை விட்டுப் பார்த்தேன். எனக்குக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஆனாலும் படித்தேன், ஒன்றோடு ஒன்று இடிக்காமல் முழுப் பெயரும் இருந்தது. பெயிண்டர் வர வேண்டாம் என்று தம்பிக்கு நானே போன் போட்டு, சந்தனக் கதையையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை படகுக்குப் பூஜை. தம்பி சந்தனக் கிண்ணத்தோடு பலகைப் பக்கம் வந்தவன், மருமகளைப் பார்த்துத் தயங்கி நின்றான்.

“வையி மாமா,” என்றாள். “இது எங்கயும் நவுர வேணாம்.”