வீட்டிலிருந்தே துணைக்குப் போன வருஷம்

எங்கள் மகிளா மண்டலி செய்த காரியங்களில் வெளியே சொல்லிக்கொள்ள லாயக்கில்லாதது துணைக்குப் போவதுதான். தையல் மிஷின் கொடுத்தால் போட்டோ எடுக்கலாம். புத்தகப் பை கொடுத்தால் மேடை போட்டு மாலை வாங்கலாம். சித்தூரில் காலை பாசஞ்சர் ஏறி, பாகாலாவில் ஏறுகிற கிராமத்துப் பெண்களோடு திருப்பதி வரை போய், சாயங்காலம் அவர்களைத் திரும்பப் பாகாலாவில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்வதை எவன் போட்டோ எடுப்பான்? எடுத்தாலும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிற ஒரு நடுவயதுப் பொம்பளைதான் அதில் இருப்பாள்.

ஆரம்பத்தில் ஃபீஸ் கட்டுவதுதான் சேவை என்று நினைத்தோம். இன்டர், அதாவது ப்ளஸ் டூ, முடித்த பெண்களுக்கு ஃபீஸ் கட்டினோம், திருப்பதியில் காலேஜ் சீட்டும் வாங்கினோம். பெண்கள்தான் வரவில்லை. ஊர் ஊராகப் போய்க் கேட்டபோது அப்பாக்கள் எல்லோரும் ஒரே பதிலை வைத்திருந்தார்கள். "வயசுப் பொண்ண தனியா ரயிலேத்தி உட்டா நாலு பேரு என்னா பேசுவாங்கம்மா? கூட ஒரு பெரிய மனுஷி வந்தா அனுப்பறோம்." இவ்வளவுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டு ரயிலேறினோம்.

போகிற நேரம் பெரிதில்லை. காலேஜ் விடுகிற வரை பகலைக் கழிப்பதுதான் பாடு. நான் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூரில் நாத்தனார் வீட்டுக்குப் போவேன். முதல் மாதம் "வாங்க அண்ணி" என்று காபி கொடுத்தாள். அடுத்த மாதம் காபியோடு ஒரு கூடை முருங்கைக்கீரையும் வந்தது. அப்புறம் நான் வருகிற நாளாகப் பார்த்து அவள் புளியில் கொட்டை எடுக்க வைத்துக்கொண்டாள். பெண் கல்விக்காக நான் எடுத்த புளியங்கொட்டை கொஞ்சநஞ்சமில்லை.

பிறகு மண்டலியில் அமெரிக்க சீசன் வந்தது. ஒவ்வொரு மெம்பர் வீட்டிலும் மகனோ மகளோ கம்ப்யூட்டர் படித்து அங்கே போயிருந்தார்கள். இப்போது பிரசவங்கள். பாகாலாவிலிருந்து ஒரு பெண் தனியாக ரயிலேறக் கூடாது என்று இருந்த ஜில்லாவிலிருந்து, இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியாத அம்மாக்கள் ஊறுகாய் பாட்டிலைச் சேலையில் சுற்றிக்கொண்டு, துபாயில் விமானம் மாறி, தன்னந்தனியாக நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. துணைக்குப் போக மிஞ்சியது நான் ஒருத்திதான்.

பெண்களும் குறைந்தார்கள். ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிகளுக்கு ஆள் சேர்க்கிற வேன் கிராமத்துக்குள்ளேயே வர ஆரம்பித்திருந்தது. கடைசியில் ஒருத்திதான் மிச்சம். அவள் பிஎஸ்ஸி இரண்டாம் வருஷம். அவளுடைய அப்பா முன்பு ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத கூலிக்காரர். இப்போது குத்தகை நிலத்தில் கத்தரியும் பீன்ஸும் போட்டு, இருட்டோடு கிளம்பி, விவசாயிகளே உட்கார்ந்து விற்கிற சித்தூர் ரைத்து பஜாருக்குக் கொண்டுவருவார். அவர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"நீங்க வர்ற வரிக்கும் படிக்கட்டும்மா. நீங்க நின்னுட்டா அதையும் வேன்ல ஏத்தி உட்டுடுவேன். அங்க ஹாஸ்டலு இருக்குது, வாட்ச்மேன் இருக்கறான், பயமில்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது. சாயங்காலம் வீடு திரும்புகிற திருப்பதி பயமாம். ஜில்லாவின் அந்தக் கோடியில் மாதக்கணக்கில் தங்குவது பயமில்லையாம். ஆனால் அவரோடு சண்டை போட்டால் நஷ்டம் அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு ரயிலேறினேன்.

அவளுக்குக் கடைசி வருஷம் தொடங்கிய கையோடு எனக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, மூட்டு வலி விடவில்லை. ரயில் படி என்ன, வீட்டு வாசல்படியே ஏற முடியவில்லை. கட்டிலில் படுத்தபடி, அவள் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவள் படிப்பு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். அப்பாவோடு பஜாருக்கு வந்தவள், மேடத்துக்குக் கத்தரிக்காய் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறாள்.

"காலேஜ் போச்சா?" என்றேன்.

"இல்ல மேடம். இந்த வாரம் ஃபுல்லா போய்க்கினுதான் இருந்தேன்."

"யார் கூட?"

"உங்க கூட."

நான் புரியாமல் பார்த்தேன். அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "நைனா கேட்டாரு, மேடம் வந்தாங்கன்னு சொல்லிட்டேன். நீங்க இல்லன்னு சொல்லிடாதீங்க மேடம், வேன்ல ஏத்திடுவாரு. இந்த ஒரு வருஷந்தான். பகல்ல நீங்க மட்டும் வெளிய வராதீங்க, நைனா கண்ணுல பட்டுடுவீங்க."

அந்த வருஷம் முழுக்க நான் செய்த சமூக சேவை, பகலில் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தது. டாக்டரிடம் இருட்டிய பிறகு போனேன். வேலை நாளில் வந்த கல்யாணங்களுக்குப் போகவில்லை. மூட்டு வலி கொஞ்சம் தேறி நடக்க முடிந்தபோதும் உள்ளேயே கிடந்தேன். காய்கறி வாங்கக் கணவர்தான் போவார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், காப்பி அடித்த பையனை ஜென்மத்துக்கும் மன்னிக்காதவர். பஜாரில் அவளுடைய அப்பா இவரைக் கூப்பிட்டு, "அம்மா ரயிலேறிட்டாங்களா சார்?" என்று கேட்பாராம். "ஏறிட்டாப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் காசு வாங்காமல் பையில் திணித்த கொத்தமல்லியோடு இவர் வீட்டுக்கு வருவார். "இந்தா, உன் ரயில் சம்பளம்" என்று என் மடியில் போடுவார். நான் சிரிப்பேன். ஆனால் அந்தக் கொத்தமல்லியில் அரைத்த துவையல் எனக்கு ஒரு நாளும் இறங்கவில்லை.

அவள் சாயங்காலம் பாகாலாவில் இறங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது வருகிற வரைக்கும் என்னால் உட்கார முடியாது. ஒரு மழை நாளில் வழியில் எங்கோ மரம் விழுந்து ரயில் நின்றுவிட்டது. போன் வரவில்லை. அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கேட்பார்கள்? கூடப் போனவள் நான் அல்லவா. கூட உட்கார்ந்து போன வருஷங்களில் அவளைப் பற்றி நான் இவ்வளவு பயந்ததேயில்லை. ராத்திரி வெகுநேரம் கழித்துப் போன் அடித்து நின்ற பிறகுதான் கணவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவள் பாஸ் செய்தாள். ஃபர்ஸ்ட் கிளாஸ். ரிசல்ட் வந்த வாரத்தில் அவளையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு, ஒரு பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடி சொன்னார்.

"எல்லாம் உங்களாலதாம்மா. சின்னதும் இன்டர் முடிச்சிடுச்சி, அதே காலேஜ்ல சீட்டு. அதையும் நீங்கதான் இட்டுக்கினு போவணும்."

எனக்கு அசதி நெஞ்சு வரை வந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியவள் பேசிவிட்டாள்.

"நைனா, மேடம் வரல. ஒரு வருஷமா நான் தனியாத்தான் போய்க்கினு இருந்தேன். அவங்களுக்கு உடம்பு சரியில்ல. நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார். "சார், நீங்க தெனைக்கும் ஏறிட்டாங்கன்னு சொன்னீங்களே" என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

"ஊர்ல யாருக்குன்னா தெரியுமா?" என்று மகளைக் கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும் நைனா. ஸ்டேஷன்ல தெனமும் பாக்கறாங்களே. உனுக்கு மட்டுந்தான் தெரியாது."

"யாரும் ஒண்ணும் பேசலையா?"

"பேசல."

அவர் பூசணிக்காயை இறக்கிச் சுவரோரமாக வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். சின்னவள் அக்காவின் பின்னால் நின்றுகொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் அலைந்தது இந்த ஒரு நிமிஷத்தில் வீணாகிவிடும் என்று நினைத்தேன்.

"அப்ப எனுக்கு இன்னும் தெரியாதுன்னே இருக்கட்டும்மா" என்றார். "சின்னத நீங்கதான் இட்டுக்கினு போறீங்க."

சரி என்று தலையாட்டினேன். அவர்கள் போன பிறகு வெகுநேரம் எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. ஒரு பெண் பக்கத்து ஊர்க் காலேஜுக்கு ரயிலேற, அவள் அப்பா, என் புருஷன், நான், ஒரு ஊரே பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அலுத்துப்போயிருந்தது. காலேஜ் திறந்த அன்று காலை, பாசஞ்சர் கிளம்புகிற நேரத்துக்கு, நான் எழுந்துபோய் வாசல் கதவை உள்பக்கம் தாழ்போட்டேன்.