பின்பக்கமாகச் சுற்றுகிறவர்

மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு கண்ணயர்ந்ததும், மூடிய கார் கடைக்குள் டெலிவரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காரின் பின்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கிய கார் அது. இரண்டு கையாலும் டயரைப் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றுவார். பின்பக்கமாக மட்டும்தான். தெருவில் யாராவது இருமினால் கை நின்றுவிடும். இருமியவர் நாலு வீடு தள்ளிப் போன பிறகுதான் சக்கரம் மறுபடி நகரும்.

டெலிவரி என்பது தெரு வைத்த பெயர். மூடிக் கிடக்கும் அந்தக் கார் கடை திறந்திருந்த காலத்தில் அவர் அங்கே விற்பனையாளர். சும்மா எட்டிப் பார்த்தவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க ம்னு மட்டும் சொல்லுங்க சார், நாளைக்கே டெலிவரி!" என்பார். பேச்சில் புலி. காரின் முன்மூடியைத் திறந்துவிட்டால் மட்டும் எலி. எது பேட்டரி, எது எஞ்சின் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற ரகம்.

பிறகு கம்பெனி அங்கே விற்ற காரைச் செய்வதையே நிறுத்திவிட்டது. மற்ற கடைக்காரர்கள் இருந்ததைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தக் கடையின் பெரிய முதலாளியோ, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். "கொறைச்சு விக்கறதுக்கு இங்கேயே கெடந்து மக்கட்டும்" என்று ஷட்டரை இறக்கினார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கார்கள் வரிசையாக உள்ளே நின்றுபோயின. சாவிக்கொத்தை டெலிவரியிடம் கொடுத்து, பின்பக்கத்து இரண்டு அறைகளில் குடியிருக்கவும் சொன்னார். "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். ஒரு வண்டி வெளிய போகக் கூடாது."

தலையாட்டும்போதே டெலிவரியின் கண் வரிசையில் நின்ற ஒரு காரின் பக்கம் போய்த் திரும்பியது. ஒரு வண்டி ஏற்கெனவே வெளியே போய் வந்திருந்தது.

கல்யாணமான புதிதில் நடந்தது. கடலையே பார்த்ததில்லை என்று மனைவி சொல்லிவிட்டார். முதலாளி ஊரில் இல்லாத ஒரு விடுமுறை நாளில் வெளிர்நீலக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். இருட்டுவதற்குள் திரும்பி, துடைத்து, இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். காரைத் துடைத்தாயிற்று, மீட்டரை யார் துடைப்பது? நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது.

கடை மூடுகிற சமயத்தில் அங்கிருந்த மெக்கானிக் இன்னொருவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. "பழைய மீட்டர்தானே, சக்கரத்தைப் பின்னாடி சுத்துனா தானா எறங்கிடும்." மீட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிச் சுற்றினால் சீக்கிரமே முடிந்துவிடும் வேலை. அந்த மெக்கானிக்கிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். "எதுக்கு சார் கேக்கறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, மனிதர் இத்தனை வருடமாகக் கையாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வழியில் மட்டுமா பயம், வீட்டுக்குள்ளும்தான். தபால்காரர் மணியடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். டிவியில் கடல் வந்தால் சேனலை மாற்றிவிடுவார். 'எதுக்கும்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். பூட்டிய பூட்டை எதுக்கும் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். வெயிலில் எதுக்கும் குடை எடுத்துப் போவார். மழையில்லாமல் நனைந்துவிடுவோமோ என்று நடுங்குகிற ஜென்மம்.

"கடல்ல என்னத்தக் கண்டோம், உப்புத் தண்ணி" என்பார் மனைவி, பின்கதவருகே வெங்காயம் உரித்தபடி காவல் இருந்துகொண்டு. "அதுக்குப் போயி இப்படிப் பயந்து சாகறீங்களே."

"உனக்கென்ன, சொல்லிடுவே. நம்பிச் சாவி குடுத்தவங்க என்னை அந்த வார்த்தை சொல்லிட்டா? இந்த ரெண்டு ரூமும் போயிட்டா நீ எங்க போவே, நான் எங்க போவேன்?" திருடன் என்கிற சொல்லை அவர் வாயால் சொல்லவே மாட்டார். அந்த வார்த்தைதான்.

பெரிய முதலாளி போன வருடம் காலமானார். இந்த மாதம் அவர் மகன், சின்ன முதலாளி, போன் செய்தார். "ஓடாத பழைய வண்டிக்கு இப்ப தனி மவுசாம், டெலிவரி. ஒரு மேடம் மொத்தமா எடுத்துக்கறாங்க. ஒவ்வொரு மீட்டரையும் பாப்பாங்களாம். எல்லாம் முட்டையா இருக்கணுமாம்."

அன்றிலிருந்து டெலிவரி காலையிலும் சுற்றினார். அவர்கள் வரவேண்டிய நாளில் மனைவி காருக்குள் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஒண்ணு... இன்னும் ஒண்ணுதான்... ஆ, முட்டை! எல்லாம் முட்டை. நிறுத்துங்க!"

"எதுக்கும் இன்னும் கொஞ்சம் சுத்திடறேன்."

"வேணாங்க, போதும்."

"பாதில நிக்குதோ என்னமோ. எதுக்கும்..."

ஐந்து முட்டைகளும் ஒன்றாகச் சரிந்து, ஐந்து ஒன்பதுகளாக எழுந்து நின்றன. ஒரு லட்சத்துக்கு ஒன்று குறைவு. கடல்வரைக்கும் போய்வந்த கார், இப்போது மீட்டர் கணக்கில் உலகத்தையே இரண்டு தடவைக்கு மேல் சுற்றிவிட்டிருந்தது.

"முன்னாடி சுத்துங்க! ஐயோ, முன்னாடி!" என்று மனைவி கத்தும்போதே வாசலில் ஷட்டர் கரகரவென்று ஏறியது. மனைவி காரிலிருந்து இறங்க, டெலிவரி ஜாக்கியை இறக்கி முக்காலியோடு சேர்த்து மூலையில் தள்ளினார். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கார் வாங்க வந்த அம்மாள் வெள்ளைக் கையுறையும் டார்ச்சுமாக ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்தார். முட்டை, அடுத்ததும் முட்டை. சின்ன முதலாளியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. டெலிவரி கையை மறைத்தபடியே நாலடி பின்னால் வந்தார். வெளிர்நீலக் காருக்குள் டார்ச் நின்றது.

"என்ன இது? தொண்ணூத்தொம்பதாயிரத்துச் சொச்சம் காட்டுது?"

"என்ன டெலிவரி?" என்றார் சின்ன முதலாளி.

"அது மீட்டர் கோளாறுங்க. கம்பெனிலேருந்து எறங்கும்போதே அப்படித்தான். சீட்டுல பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல, பாருங்க மேடம்!" வருடக்கணக்கில் தூங்கிய வாய் சமயத்துக்கு எழுந்துவிட்டது. சின்ன முதலாளி சிரித்துத் தலையாட்டினார். நம்பிவிட்டார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முன்பக்கக் கதவைத் திறந்து, காலடி விரிப்பைத் தூக்கி, அடியில் கையால் வழித்தார். நிமிர்ந்தபோது கையுறையில் ஒரு பிடி மணலும், நகத்தளவு உடைந்த சிப்பியும் இருந்தன.

"ஓடாத வண்டிக்குள்ள கடல் மண்ணு எப்படி வந்துச்சு?"

சின்ன முதலாளியின் பார்வை மணலிலிருந்து டெலிவரிக்குப் போனது. அங்கிருந்து பின்பக்கத்து அறைகளுக்குப் போனது. எலி கொண்டுவந்தது, காற்றில் வந்தது, தொழிற்சாலையே கடற்கரையில்தான் இருந்தது என்று சொல்வதற்கு நாக்கு நுனியில் பதில்கள் வரிசை கட்டின. இன்னொரு பொய், அவ்வளவுதான். மனைவி காருக்கு அந்தப் பக்கம் நின்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க ஓட்டிட்டுப் போனேன்" என்று டெலிவரி முதுகுக்குப் பின்னாலிருந்து கறுத்த கையை எடுத்து நீட்டினார். கையுறையிலிருந்து மணலைச் சிந்தாமல் வாங்கிக்கொண்டு, காரைச் சுற்றிப் போய், மனைவியின் உள்ளங்கையை விரித்து அதில் கொட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.